கதையில் இருந்தோம், கணக்கில் இல்லை: 2020–21 ஓடிடி வெளியீடுகள், மட்டக்களப்பிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

2020 டிசம்பர் 10க்கும் 2021 ஜூன் 18க்கும் இடையில், ஆறு மாதம் கொஞ்சம் கூட, இலங்கைத் தமிழரை முக்கிய பாத்திரங்களாக்கிய மூன்று படைப்புகள் உலகின் பெரிய ஓடிடி தளங்கள் இரண்டில் வந்தன. முதலில் தீபா மேத்தாவின் ‘ஃபன்னி போய்’, நெட்ஃபிளிக்ஸில். அடுத்து ஜூன் 4இல் அமேசான் பிரைமில் ‘தி ஃபேமிலி மேன்’ என்ற ஹிந்தித் தொடரின் இரண்டாம் பருவம். அதற்கு இரண்டு கிழமைக்குப் பிறகு கார்த்திக் சுப்புராஜின் ‘ஜகமே தந்திரம்’, மறுபடி நெட்ஃபிளிக்ஸ். எங்களைப் பற்றி ஒரு படம் வருவதே அபூர்வம். இங்கே வரிசையாக மூன்று.

பெரிய ஸ்டூடியோக்களும் ஓடிடி தளங்களும் மக்களின் பொழுதுபோக்கை எப்படி வடிவமைக்கின்றன என்று கேட்டால் சூப்பர் ஹீரோ படங்களைக் காட்டுவதுதான் வழக்கம். டிஸ்னி 2006இல் பிக்ஸாரையும், 2009இல் மார்வலையும், 2012இல் லூகாஸ்ஃபில்மையும், 2019இல் ஃபொக்ஸையும் வாங்கிய கணக்கு எல்லாருக்கும் தெரிந்தது. கிழக்கிலங்கையில் மட்டக்களப்பில் இருந்துகொண்டு எழுதும் எனக்கு அதைவிட இந்த ஆறு மாதம்தான் நல்ல மாதிரி. இதில் நாங்கள் பார்வையாளர் மட்டுமில்லை, சரக்கும் நாங்கள்தான். அப்படி இருந்தும் இந்த மூன்றில் எதையும் தீர்மானித்த மேசையில் எங்களுக்கு ஒரு கதிரை இருக்கவில்லை. ஏன் என்று பார்ப்பதுதான் இந்த ஆய்வு.

அந்த ஜூன் மாதம்

2021 மே 21 தொடக்கம் ஜூன் 21 வரை கோவிட் காரணமாக நாடு முழுவதும் பயணக் கட்டுப்பாடு. ஜூனில் வந்த இரண்டும் இந்த ஒரு மாதத்துக்குள்தான் விழுந்தன. தியேட்டர் இல்லை, பள்ளிக்கூடம் இல்லை. வீட்டில் இருக்கும் ஒரே ஸ்மார்ட் ஃபோனில் பகலில் பிள்ளைக்கு ஒன்லைன் வகுப்பு, இரவில் படம். டேட்டா முடிந்தால் ரீலோட் போடக் கடை திறந்திருக்க வேண்டும்.

சந்தா கட்டிப் பார்த்தவர்கள் மிகக் குறைவு. டொலரில் அறவிடும் கட்டணம், அதற்கு வெளிநாட்டுக் கொடுப்பனவுக்கு அனுமதித்த வங்கி அட்டை என்பதெல்லாம் இங்கே பல வீடுகளுக்கு எட்டாதவை. பொடியன்கள் டெலிகிராமில் இறக்கினார்கள். ஒருவர் இறக்கினால் ஒரு ஒழுங்கை முழுக்கப் போய்ச் சேரும். திருட்டுக் கொப்பிதான், அதற்கு வேறு பெயர் வைக்கத் தேவையில்லை. ஆனால் இந்த ஆய்வுக்கு அதன் ஒழுக்கத்தைவிட அதன் விளைவு முக்கியம். இப்படிப் பார்த்த ஒருவர்கூடத் தளத்தின் கணக்கில் ஏறமாட்டார்.

தளத்தின் கணக்கு எப்படிப்பட்டது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2020 தொடக்கத்திலிருந்து நெட்ஃபிளிக்ஸ் ஒரு படத்தை இரண்டு நிமிடம் பார்த்த கணக்கையெல்லாம் ‘பார்த்தது’ என்று எடுத்துக்கொண்டது. 2021 கடைசியில்தான் பார்த்த மணித்தியாலங்களுக்கு மாறியது. ‘ஜகமே தந்திரம்’ வந்தபோது நடப்பில் இருந்தது அந்த இரண்டு நிமிடக் கணக்கு. கனடாவில் ஒருவர் சும்மா தட்டிப் பார்த்துவிட்டு மூடினால் அவர் ஒரு பார்வையாளர். இங்கே ஒரு குடும்பம் கூடியிருந்து இரண்டரை மணித்தியாலமும் பார்த்தால் சைபர்.

பார்த்தவர்கள் என்ன சொன்னார்கள்? ஒரே மாதிரிச் சொல்லவில்லை. ‘ஃபேமிலி மேன்’ தொடரில் சமந்தா நடித்த ராஜியின் சண்டைக் காட்சிகளுக்காகவே திரும்பத் திரும்பப் பார்த்த பெட்டைகள் இருந்தார்கள். அந்தப் பாத்திரத்துக்கு நடந்தவற்றைப் பார்த்துவிட்டு நடுவில் எழும்பிப் போன தாய்மாரும் இருந்தார்கள். நடிகையின் தோலைக் கறுப்பாக்கியிருந்தது பலருக்கு உறுத்தியது. எங்கள் மாமி என் மனைவியிடம் கேட்டது இது: “என்னகா இது, கரி பூசினாத்தான் நம்மட புள்ளயளெண்டு தெரியுமாமா?” தமிழ்நாட்டிலும் இதே குறை பத்திரிகைகளில் வந்தது. அங்கே அது நிறம் பற்றிய விவாதம். மாமிக்கு அது அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைப் பற்றிய பேச்சு.

யாருடைய ஓடர்

மூன்றையும் ஒன்றாகக் கட்டிவிடக் கூடாது. எங்கே தீர்மானிக்கப்பட்டன, யாருக்காக என்று பார்த்தால் மூன்றும் மூன்று வழி.

‘தி ஃபேமிலி மேன்’ இயக்குநர்கள் ராஜ், டிகே இருவரும் அமேசானுக்காகச் செய்த உளவுத் தொடர். முதல் பருவம் 2019 செப்டெம்பரில் வந்து ஓடிவிட்டது. உளவுத் தொடர் என்றால் ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு புது எதிரி வேண்டும். தெற்கே சந்தையைப் பிடிக்க வேண்டும் என்ற தேவையும் தளத்துக்கு இருந்தது. தெலுங்கிலும் தமிழிலும் பெரிய நட்சத்திரத்தை வில்லியாகப் போட்டு, கதையைச் சென்னைக்குக் கொண்டுவந்து, இந்தியப் பிரதமரைக் குறிவைக்கும் ஈழப் போராளிக் குழு ஒன்றைக் கற்பனையாக அமைத்து, அதைப் பாகிஸ்தான் உளவுத்துறையோடு முடிச்சுப் போட்டால் இரண்டு தேவையும் ஒரேயடியாகத் தீர்ந்துவிடும். இது என் ஊகம்தான், அந்த அறைக்குள் நான் இருக்கவில்லை. ஆனால் முடிந்த தொடரைப் பார்க்கும் யாருக்கும் இந்தத் தையல் தெரியும். போரில் பெண்களுக்கு நேர்ந்தவை பற்றிய ஆவணப்படங்களைத் தயாரிப்புக் குழு தந்ததாகவும், அவற்றைப் பார்த்துத்தான் நடித்ததாகவும் சமந்தா சொன்னார். அதை நான் நம்புகிறேன். ராஜியின் மௌனத்தில் அந்த உழைப்பு தெரிகிறது. சிக்கல் நடிப்பில் இல்லை, கதையில் அவளுக்கு ஒதுக்கிய வேலையில். அவளுடைய துயரம் எவ்வளவு ஆழமாகக் காட்டப்படுகிறதோ அவ்வளவுக்கு அவள் ஆபத்தானவள் ஆகிறாள். ஹிந்திப் பார்வையாளரின் கதாநாயகன் அவளைத் தடுத்தேயாக வேண்டும்.

இந்தப் பருவம் முதலில் 2021 பெப்ரவரி 12இல் வரவேண்டியது. அதற்கு முந்திய மாதம் அதே தளத்தின் வேறொரு ஹிந்தித் தொடர் பெரிய சர்ச்சையில் மாட்டிக் காட்சிகள் மாற்றப்பட்டிருந்தன. அதன் பின் இது தள்ளிப்போனது. பெப்ரவரி 25இல் இந்திய அரசு ஓடிடி தளங்களுக்கான புதிய விதிகளை அறிவித்தது. மே 19இல் ட்ரெய்லர் வந்தவுடன் தமிழ்நாட்டில் கொதிப்பு. சீமான், வைகோ எதிர்த்தார்கள். மே 24இல் தமிழக அமைச்சர் மனோ தங்கராஜ், தொடரைத் தடை செய்யக் கோரி மத்திய அமைச்சர் பிரகாஷ் ஜவடேகருக்குக் கடிதம் எழுதினார். தங்கள் நடிகர்கள் பலரும், எழுத்துக் குழுவின் முக்கியமானவர்களும் தமிழர்தான் என்று தயாரிப்பாளர்கள் பதில் சொன்னார்கள். தொடர் ஜூன் 4இல் வந்தது.

அந்தப் பதிலில் பொய் இல்லை. அதுதான் சங்கடம். அவர்கள் சொன்ன தமிழர் சென்னைத் தமிழர். மும்பையில் ஒரு தொடருக்குப் பச்சைக்கொடி காட்டுபவருக்குத் தமிழ் என்றால் ஒரு மொழிப் பட்டியல், ஒரு சந்தை. அதற்குள் மட்டக்களப்பும் யாழ்ப்பாணமும் நுவரெலியாவும் தனித்தனியாகத் தெரிய எந்தக் காரணமும் இல்லை. எதிர்த்தவர்கள்கூட எங்கள் பெயரில் எதிர்த்த தமிழ்நாட்டு அரசியல்வாதிகளே. அவர்களுக்குக் கடிதம் எழுத ஒரு மத்திய அமைச்சர் இருந்தார், விதி இருந்தது. இலங்கையில் இருப்பவர் யாருக்கு எழுதுவது? எங்கள் தணிக்கைச் சபை தியேட்டருக்கு வரும் படத்தைப் பார்க்கும் சபை. ஓடிடி அதன் வாசலால் வருவதே இல்லை.

‘ஜகமே தந்திரம்’ வேறு கதை. அது தியேட்டருக்காக எடுத்த தனுஷ் படம். 2020 மே 1 வெளியீடு என்று நாள் குறித்து, கோவிட் வந்து முடங்கி, கடைசியில் நெட்ஃபிளிக்ஸுக்குப் போனது. தியேட்டரில் வரவேண்டும் என்ற தன் விருப்பத்தைத் தனுஷ் வெளிப்படையாகவே சொன்னார். தமிழ்நாட்டுத் தியேட்டர்காரர்களுக்கும் கோபம். ஆக, இந்தப் படத்தின் கதையைத் தளம் தீர்மானிக்கவில்லை. தளம் தீர்மானித்தது அதன் பயணத்தை. 17 மொழிகளில், 190 நாடுகளில், ஒரே நாளில். தமிழ்நாட்டு விசிலுக்காக எழுதிய மதுரை ரவுடியின் கதை, லண்டனிலும் டொரொண்டோவிலும் உண்மையிலேயே அகதியாக இறங்கியவர்களின் வரவேற்பறையில் போய் உட்கார்ந்தது. தியேட்டரில் இடைவேளைக்குப் பிறகு கைதட்டலில் கடந்துபோயிருக்கக்கூடிய ஓட்டைகள் எல்லாம் அந்த வீடுகளில் நிறுத்தி, பின்னுக்கு இழுத்து, மறுபடி பார்க்கப்பட்டன. ஈழத்து அகதிகளின் தலைவராக ஜோஜு ஜோர்ஜ், பாடகியாக ஐஸ்வர்யா லக்ஷ்மி. இரண்டு பேரும் கேரளத்து நடிகர்கள், திறமைசாலிகள். அகதிகள் மேல் படத்துக்கு இரக்கம் இருப்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அவர்கள் அந்தக் கதைக்குள் இருப்பது மதுரைக்காரன் மனம் திருந்துவதற்காக. மூன்றிலும் மோசமானது இது என்று சொல்லமாட்டேன். மிகவும் வழக்கமானது இது.

‘ஃபன்னி போய்’ கனடாப் படம், அந்த நாட்டு அரச ஒளிபரப்பு நிறுவனமான சிபிசி பின்னணியில் இருந்தது. ஷ்யாம் செல்வதுரையின் 1994 நாவலை வைத்துக் கொழும்பில் எடுத்தது. மூன்றில் இலங்கை மண்ணின் கதையை இலங்கையில் வைத்தே எடுத்தது இது மட்டும்தான். என்றாலும் முக்கியத் தமிழ்ப் பாத்திரங்கள் பலவற்றில் தமிழர் இல்லை, அவர்கள் பேசிய தமிழ் காதில் நிற்கவில்லை. கனடாவில் இருக்கும் தமிழர் இதைக் கடுமையாகக் கேட்டார்கள். தமிழ் வசனங்களை மறுபடி குரல் கொடுத்துச் சீர்செய்வதாக மேத்தா சொன்னார். அப்புறம் ஒரு வேடிக்கையும் நடந்தது. சிறந்த சர்வதேசப் படத்துக்கான ஒஸ்கார் போட்டிக்குக் கனடா இதைத்தான் தெரிவுசெய்து அனுப்பியது. ஆங்கிலம் பாதிக்கு மேல் இருக்கிறது என்று அகாதமி திருப்பி அனுப்பியது.

மூன்றையும் பக்கத்தில் வைத்தால் ஒன்று தெளிவாகிறது. குறை சொன்னதால் ஏதாவது அசைந்தது கனடாவில். அங்கே குறை சொன்னவர்கள் வரி கட்டுபவர்கள், சந்தாதாரர்கள், விமர்சகர்கள் கையெட்டும் தூரத்தில் இருப்பவர்கள். தமிழ்நாட்டில் குறை சொன்னதால் அரசியல் சத்தம் வந்தது, தொடர் நிற்கவில்லை. மட்டக்களப்பில் சொன்ன குறை வீட்டு விறாந்தையைத் தாண்டவில்லை.

விற்பவரின் விலாசம் மாறியது

இதெல்லாம் ஓடிடி வந்த பிறகு தொடங்கிய வினை என்று நினைத்தால் பிழை. ஹொலிவூட்டில் ஒரு காலத்தில் படம் எடுப்பதும், விநியோகிப்பதும், நல்ல தியேட்டர்களை வைத்திருப்பதும் ஒரே கைகள்தான். ஒரு நல்ல படம் வேண்டுமென்றால் பத்துச் சொத்தைப் படத்தையும் சேர்த்து எடு என்று தியேட்டர்காரரின் கழுத்தைப் பிடித்தார்கள். 1948இல் பரமவுண்ட் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை உடைத்தது. ஸ்டூடியோக்கள் தியேட்டர்களை விற்க வேண்டி வந்தது. 2020 ஓகஸ்டில் ஒரு நீதிமன்றம் அந்தக் கட்டுப்பாடுகளை முடித்துவைத்தது. அதற்குள் தளங்கள் அதே மூன்று வேலையையும் மறுபடி ஒரு கூரைக்குள் கொண்டுவந்துவிட்டன. எடுப்பது அவர்கள், விற்பது அவர்கள், திரை உங்கள் கையில் இருந்தாலும் அதில் எது மேலே வரும் என்று அடுக்குவதும் அவர்கள்.

இலங்கையிலும் ஒரு மும்மூர்த்தி இருந்தது. சித்தம்பலம் கார்டினர் 1928இல் தொடங்கிய சிலோன் தியேட்டர்ஸ், கே. குணரத்தினத்தின் சினிமாஸ் லிமிடெட், சிலோன் என்டர்டெயின்மென்ட்ஸ். இறக்குமதி, விநியோகம், தியேட்டர் எல்லாம் பெரும்பாலும் இவர்கள் கையில். முதல் சிங்களப் படமே 1947இல் தென்னிந்தியாவில் வைத்துத்தான் எடுக்கப்பட்டது. 1972இல் அரசாங்கம் திரைப்படக் கூட்டுத்தாபனத்தைத் தொடங்கி இறக்குமதியையும் விநியோகத்தையும் தன் கைக்கு எடுத்தது. எழுபதுகளில் உள்ளூர்த் தமிழ்ப் படங்கள் கொஞ்சம் தலைதூக்கின. 1983 ஜூலையில் ஹெந்தளையில் இருந்த குணரத்தினத்தின் விஜயா ஸ்டூடியோ எரிக்கப்பட்டது, படச்சுருள்களும் சேர்ந்து போயின. இலங்கையில் தமிழ்ச் சினிமா ஏன் வளரவில்லை என்று கேட்பவர்கள் ரசனையைக் குறை சொல்வதற்கு முன் இந்தச் சாம்பலையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

மட்டக்களப்பைப் பொறுத்தவரை அப்போதும் படம் மதராஸிலிருந்து கொழும்பு வழியாக வந்தது. போர்க்காலத்தில் கரண்ட் இல்லாத ஊர்களில் டிவியும் டெக்கும் ஜெனரேட்டரும் வாடகைக்கு எடுத்து, ஒரே இரவில் மூன்று படம். பிறகு சிடி, பிறகு டிஷ் அன்டெனாவில் சன் டிவி, இப்போது ஃபோன். விற்பவரின் விலாசம்தான் சென்னை, கொழும்பு, மும்பை, கலிபோர்னியாவின் லொஸ் கற்றோஸ் என்று மாறியிருக்கிறது. வாங்குபவர் வாவிக்கு மேற்கே அதே படுவான்கரை, கிழக்கே அதே எழுவான்கரை.

எங்கள் ஊர்க் கூத்தை இதற்குள் இழுப்பது ஆய்வுக்கு அவசியமா என்று யோசித்தேன். அவசியம்தான். வடமோடியோ தென்மோடியோ, எந்தப் பாணியானாலும் ஒரு கூத்துப் பழக வேண்டும் என்று தீர்மானிப்பது ஊர். கூத்துப் பழக்கும் அண்ணாவியாரை அழைப்பது ஊர், செலவு ஊர், ஆடுபவர் ஊரார், விடியவிடியக் களரியைச் சுற்றி இருந்து பிழை பிடிப்பவரும் ஊரார். அதில் சாதி இருந்தது, பெண்களுக்கு இடம் இல்லாதிருந்தது, எல்லாம் தெரியும். அதைத் தங்கக் காலம் என்று நான் சொல்லவரவில்லை. சொல்லவருவது ஒன்று மட்டும்: அங்கே ஓடர் கொடுத்தவரும் பார்த்தவரும் ஒரே ஆள். அவருக்குப் பிடிக்காவிட்டால் அடுத்த வருடம் மாறும்.

கிழக்கு எங்கே

மூன்று படைப்பிலும் கிழக்கு மாகாணம் இல்லை. கொழும்பு இருக்கிறது, சென்னை இருக்கிறது, லண்டன் இருக்கிறது. போர் என்றால் வடக்கின் போர். இது தற்செயல் இல்லை. கிழக்கின் கதையை ஒரு வரியில் விற்க முடியாது. காத்தான்குடியும் ஆரையம்பதியும் மதிலோடு மதில் ஒட்டிய ஊர்கள். இரண்டிலும் பேசுவது தமிழ், ஒன்றில் பாங்கு, மற்றதில் கோயில் மணி. 1990இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். அதே வருடம் சத்துருக்கொண்டானில் தமிழர் கொல்லப்பட்டார்கள். 2004 மார்ச்சில் புலிகள் இயக்கமே கிழக்கில் பிளந்தது, அந்த டிசம்பரில் சுனாமி. கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் தமிழ் பேசும் முஸ்லிம் ஒருவரை ‘ஈழக் கதை’யின் எந்தப் பெட்டியில் போடுவது? மும்பைத் தொடருக்குத் தமிழன் ஒரு பக்கம், முஸ்லிம் இன்னொரு பக்கம், நடுவில் உளவுத்துறை என்று கோடு போட்டால் கதை நகரும். இங்கே அந்தக் கோட்டை எங்கே போட்டாலும் ஒரு வீட்டை அறுத்துக்கொண்டு போகும்.

பேச்சும் அப்படித்தான். படங்களில் வருவது யாழ்ப்பாணச் சாயல் கொஞ்சம், சென்னை கொஞ்சம். மட்டக்களப்பு, அம்பாறைப் பேச்சைத் திரையில் கேட்க வேண்டுமென்றால் எங்கள் பொடியன்கள் எடுக்கும் யூடியூப் நகைச்சுவைகளைத்தான் திறக்க வேண்டும்.

உள்ளூர்க்காரர் என்ன செய்கிறார்கள்

குறும்படம் எடுக்கும் இளைஞர்கள் திருக்கோவிலிலும் இருக்கிறார்கள், வாழைச்சேனையிலும் இருக்கிறார்கள். கெமரா, எடிட்டிங் எல்லாம் கைக்கு வந்துவிட்டது. தளங்கள் செய்த நன்மை இதில் பெரிது, அதை மறைத்து எழுதினால் நியாயமாகாது. முன்பு கொழும்புக்குப் போனாலும் கிடைக்காத உலகப் படங்களைப் பார்த்துத்தான் இவர்கள் ஷொட் வைக்கப் பழகினார்கள்.

ஆனால் எடுத்ததைக் கொடுக்க வழி? கேட்காமல் அனுப்பும் கதைகளையும் படங்களையும் நெட்ஃபிளிக்ஸ் ஏற்பதில்லை. ஏற்கெனவே தொடர்புள்ள முகவரோ தயாரிப்பாளரோ வழியாகத்தான் போக வேண்டும். அப்படியொரு முகவரை மட்டக்களப்பில் நான் சந்தித்ததில்லை. தனிப்பட்டவர்களும் பதிவேற்றக்கூடிய ஒரு வழி அமேசானில் இருந்தது. 2021 பெப்ரவரியில் அதில் குறும்படங்களையும் ஆவணப்படங்களையும் எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். ராஜியின் கதை வரவிருந்த அதே பெப்ரவரி.

மிஞ்சியது யூடியூப். அங்கே நீளமான வீடியோக்களை வைத்து விளம்பரக் காசு வர 1,000 சந்தாதாரரும், ஒரு வருடத்துக்குள் 4,000 மணித்தியாலப் பார்வையும் வேண்டும். அதைக் கடந்த பிறகுதான் இந்த ஆய்வில் எனக்கு மிக முக்கியமாகப் பட்ட விடயம் வருகிறது. இலங்கையில் ஒருவர் பார்த்தால் வரும் விளம்பரக் காசைவிடக் கனடாவிலோ பிரித்தானியாவிலோ ஒருவர் பார்த்தால் வருவது பல மடங்கு. யாரும் இவர்களுக்குக் கட்டளை போடவில்லை, எந்த நிர்வாகியும் கதையைத் திருத்தவில்லை. ஆனால் மாதக் கடைசியில் எந்த நாட்டிலிருந்து எவ்வளவு என்று கணக்கு வரும்போது கதை தானாகவே அந்தப் பக்கம் திரும்புகிறது. கிராம அலுவலரான விதானையாரின் கந்தோரில் நடந்த பகிடியை எடுத்தவர்கள், வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கும் மாமாவின் பகிடிக்கு மாறுகிறார்கள். மீன்வாடிக் கதையைவிட ஊர்த் திருவிழாவின் ட்ரோன் காட்சி நன்றாக ஓடுகிறது, ஊரைவிட்டுப் போனவர்கள் அதைத்தான் தேடுகிறார்கள். அவர்களுடைய ஏக்கம் உண்மையானது. அதற்குத் தீனி போடுவதில் தவறும் இல்லை. ஆனால் இந்தப் பக்கம் இருந்து பார்ப்பவருக்கு, தன் ஊரே விடுமுறைக்கு வந்தவரின் கண்ணால் காட்டப்படுகிறது. மும்பையில் மேசை போட்டுச் செய்த அதே தெரிவை, பேத்தாழையில் ஒரு பொடியன் தன் லெப்டொப்பில் தனியாக இருந்து செய்துகொள்கிறான்.

2023 டிசம்பரில் நெட்ஃபிளிக்ஸ் முதன்முறையாக ஒரு நீண்ட பட்டியலை வெளியிட்டது. அந்த வருட முதல் பாதியில் 18,000க்கும் மேற்பட்ட தலைப்புகள் உலகளவில் எத்தனை மணித்தியாலம் பார்க்கப்பட்டன என்று அதில் இருந்தது. நாடுவாரியாக மணித்தியாலம் இல்லை. குறும்படப் பொடியன் ஒருவன் அதை இறக்கி, ஈழத்தோடு தொடர்புள்ள தலைப்புகள் எத்தனை, எவ்வளவு ஓடின என்று தேடிக்கொண்டிருந்தான். அடுத்ததாக எழுதப்போகும் கதைக்கு ஒரு முகவரைப் பிடித்தால், முதல் சந்திப்பில் காட்ட ஏதாவது எண் வேண்டுமாம்.